ஜிம்மியின்ரை வால் இன்னும் காயேல்லை

எங்கடை தொழில்ல ஒரு பிழை இருக்கு: படம் முடிஞ்சா ஆளும் முடிஞ்சுது.

நான் கீறுறது நாய், பூனை, ஆடு, கிளி, ஒருக்கா ஒரு ஆமை. ஆக்கள் வீட்டில ஆசையா வளர்க்கிறதுகளைப் பெயின்ற்றால கீறிக் குடுக்கிறது. மன்னாரில இந்த வேலை செய்யிறது நான் ஒருத்தன்தான் எண்டு நினைக்கிறன். இன்னொருத்தர் இருந்தா வாங்கோ, தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம். பகல்ல பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன் கடையில போட்டோக் கொப்பி அடிக்கிறன். இதை ரைப் பண்ணுறதும் அங்க இருந்துதான், ஆக்கள் வர வர எழும்பி எழும்பி. மிச்ச நேரம் முழுக்க அறையில பிரஷ்ஷும் கையும். அம்மா போய் மூண்டு வருசம். அடம்பனில எங்கடை வீடு பூட்டிக் கிடக்கு. அண்ணா லண்டனில. ஞாயிற்றுக்கிழமை எடுத்து "சாப்பிட்டியோ" எண்டு கேப்பான், நான் "ஓம்" எண்ணுவன், வைச்சிடுவான்.

அப்ப ஒரு ஆள் ஓடர் தர வந்தா எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. தன்ரை நாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கின மனுசரை நிப்பாட்டேலாது. நாய் வந்த கதையில தொடங்குவினம், வீடு மாறினது, மகள் சண்டை பிடிச்சது, மாமா செத்தது எல்லாம் பின்னால வரும். நான் கேட்டுக்கொண்டே இருப்பன், எனக்கு அலுக்காது. ஒரு படத்துக்கு ஆறு நாள் காணும். அந்த ஆறு நாளும் "காது சரியா வந்திட்டுதோ" எண்டு எடுப்பினம், எட்டிப் பாப்பினம். ஏழாம் நாள் பேப்பரில சுத்திக் குடுப்பன். எட்டாம் நாள் போன் சும்மா கிடக்கும். வீட்டுக்குள்ள இருந்து கேக் அடிக்கிற அக்காமாருக்கும் சட்டை தைக்கிறவைக்கும் நான் சொல்லுறது விளங்கும். நீங்கள் எல்லாம் எப்பிடிச் சமாளிக்கிறியள் எண்டு தெரியேல்லை. நான் சமாளிச்ச விதத்தைச் சொல்லுறன். அவ்வளவு நல்ல விதம் இல்லை.

படலையடிக் கழுதை

அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில கிளாக்கரா இருந்து இளைப்பாறின ஐயா ஒருத்தர். பிள்ளையள் வெளியில, மனுசி இல்லை. அவருக்கு ஒரு கழுதையின்ரை படம் வேணுமாம். அவற்றை கழுதை எண்டு சொல்லேலாது, எங்கடை ரவுனுக் கழுதையள் ஒருத்தற்றையும் இல்லை, அதுகள் தங்கடை பாட்டில றோட்டு றோட்டாத் திரியுங்கள். ஆனா இது மட்டும் விடிய ஆறரைக்கு அவற்றை வீட்டு வாசல் படலையில வந்து நிக்கும். அவர் பாணின்ரை கரையைப் பிச்சுக் குடுப்பார். திண்டிட்டுப் போயிடும். பதினொரு வருசமா இதுதானாம். "ஆறரைக்கு வாரும், வந்து படம் எடும்" எண்டார்.

நான் நித்திரையால எழும்பிப் போக ஏழேகால். ஐயா கோயில் பூசைக்குப் போயிட்டார். படலையில ஒரு கழுதை நிண்டது. படலையில நிக்கிற கழுதை வேற ஆற்றை கழுதையா இருக்கும்? பதினெட்டுப் படம் எடுத்தன். ஆறு நாள் இருந்து இமை மயிரை ஒவ்வொண்டாக் கீறினன், மூக்குக்கு மேல மா பூசினமாதிரி ஒரு வெள்ளை வருமே, அதையும் விடேல்லை. கொண்டுபோய்க் குடுக்க ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். "வடிவாக் கீறியிருக்கிறீர். ஆனா இது எங்கடை ஆள் இல்லை. இது மீன் மார்க்கட்டில நிக்கிறவள்."

திருப்பிக் கீறினன். இந்த முறை ஐயா ஒவ்வொரு பின்னேரமும் வந்து கதிரையில இருந்து காவல் பாத்தார், நல்ல நாளுகள் அதுகள். முடிஞ்ச அண்டைக்கு ரெண்டு படத்தையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். அதுக்குப் பிறகு ஆளை நான் கச்சேரிப் பக்கம் தூரத்திலதான் கண்டிருக்கிறன். பிழையான கழுதையை என்ன செய்யப் போறியள் ஐயா எண்டு அண்டைக்கு வெளிக்கிடேக்க வாசல்ல வைச்சுக் கேட்டனான்.

"மாட்டத்தான் போறன். அவளுக்கு மட்டும் ஆர் இருக்கினம், கீறிக் குடுக்க?"

உதிர்வு எப்ப?

ஒரு நேர்ஸ் அக்கா. ஊர் யாழ்ப்பாணம், இஞ்ச குவாட்டேர்சில ரெக்ஸ் எண்டொரு நாயோட தனிய இருக்கிறா. ரெக்ஸைக் கீறி முடிச்சு, சட்டம் போடுற கடையில குடுத்தன். அடியில எழுதச் சொல்லிப் பேரையும் பிறந்த வருசத்தையும் ஒரு துண்டில எழுதி வைச்சிட்டு, கொப்பி அடிக்க ஆக்கள் நிக்கினம் எண்டு ஓடி வந்திட்டன். அங்கதான் பிழைச்சது. எங்கடை ஊரில தனிமுகத்தைப் பெரிசாக் கீறிச் சட்டம் போடக் குடுத்தா அதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். சட்டக் கடை அண்ணை வருசம் முழுக்கச் செத்த ஆக்களின்ரை முப்பத்தோராம் நாளுக்கும் ஆண்டு நினைவுக்கும்தான் படம் செய்யிறவர். கை அந்தப் பாட்டில போயிட்டுது.

பின்னேரம் போனா, ரெக்ஸ் கறுப்புச் சட்டத்துக்குள்ள இருக்கிறார். ரெண்டு மூலையிலயும் பிளாஸ்ரிக் பூ, அடியில வயரோட ஒரு சின்னச் சிவப்பு பல்ப். "மலர்வு" எண்டு போட்டு வருசம். பக்கத்தில "உதிர்வு" எண்டு போட்டு வெறும் இடம். அண்ணை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "உதிர்வு எழுத விட்டிட்டீர் தம்பி, எப்ப மோசம் போனது" எண்டு கேக்கிறார். உயிரோட இருக்கு அண்ணை எண்டு சொல்லாமல் காசை எண்ணிக் குடுத்தன். அப்பிடியே காவிக்கொண்டு வந்தன்.

கழட்டி மாத்துவம் எண்டு பாத்தா அக்கா டியூட்டி முடிஞ்சு வந்திட்டா, ரெக்ஸும் கூட. ரெக்ஸ் படத்தை மணந்து பாத்திட்டுத் தும்மினது. அக்கா சிரிப்பா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அவ பல்பைப் போட்டுப் பாத்தா, நிப்பாட்டினா. படத்தைக் கக்கத்துக்குள்ள வைச்சா.

"கழட்டாதேங்கோ தம்பி. இவன் போற அண்டைக்கு நான் டியூட்டியிலதான் நிப்பன். இந்த வேலையாவது முடிஞ்சபடி இருக்கட்டும்."

பேசாலையில நாய், கனடாவில ஆள்

இனித்தான் என்ரை கதை. போனில நான் போடுற படங்களைப் பாத்திட்டு ரெஜினா அக்கா எண்டொருவ கனடாவில இருந்து வொய்ஸ் அனுப்பினா. அவை குடும்பமாப் பேசாலையை விட்டுப் போய் அஞ்சு வருசம். ஜிம்மி எண்ட நாயைப் பக்கத்து வீட்டில விட்டிட்டுப் போனவை. பழைய போட்டோ இருக்கு, ஆனா அது வேண்டாமாம், இப்ப எப்பிடி இருக்கிறானோ அப்பிடியே கீறவேணுமாம். நான் பேசாலைக்குப் போய்ப் பாத்திட்டு வரவேணும்.

முதல் வொய்ஸ் ஒரு நிமிசம். ரெண்டாவது ஏழு நிமிசம். அங்க இரவுச் சாப்பாடு முடிஞ்சு அவ கோப்பை கழுவுற நேரம், எனக்கு இஞ்ச விடிய ஆறு மணி. தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு இருந்து கேப்பன். ஜிம்மி கும்பிளா மீன்ரை தலையை மட்டும் திண்டிட்டு உடம்பை மண்ணுக்குள்ள புதைச்சு வைக்கிறது, ஜிம்மி செபமாலை சொல்லேக்க மட்டும் ஊளையிடுறது, அவவின்ரை பிள்ளையள் இப்ப தமிழில கேட்டா இங்கிலீசில மறுமொழி சொல்லுறது, மனுசன் ரெண்டு வேலைக்குப் போய் வந்து நித்திரையாப் போறது. என்ரை அறைக்குள்ள இன்னொரு ஆளின்ரை குரல் கேட்டு எவ்வளவு காலம். கோப்பை முட்டுற சத்தமும் வரும். அம்மா கழுவேக்கையும் அப்பிடித்தான் கேக்கும்.

ஒரு லீவு நாள் பஸ் ஏறிப் பேசாலைக்குப் போனன். பக்கத்து வீட்டு சூசை அண்ணை முற்றத்தில இருந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். வலைக்கு மேல ஒரு மண்ணிற நாய், கொழுத்த நாய், நாலு காலையும் எறிஞ்சுபோட்டுப் படுத்திருந்தது. "ஜிம்மி" எண்டு கூப்பிட்டன். அசையேல்லை. "பெரியவன் எண்டு கூப்பிடும், ஜிம்மி எண்டா அவருக்குத் தெரியாது" எண்டார் அண்ணை. அக்கா ஒரு வொய்ஸ் தந்துவிட்டவ, அவன்ரை காதுக்குக் கிட்டப் பிடிச்சுப் போடச் சொல்லி. போட்டன். "ஜிம்மிக் குஞ்சு, அம்மா கதைக்கிறன்" எண்டு தொடங்கி, இடையில நிண்டு, திருப்பித் தொடங்கி, ரெண்டரை நிமிசம். நாய் ஒருக்காக் காதைத் தூக்கினது. பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டுது. காதைத் தூக்கின நேரம் றோட்டால மீன்காரன்ரை மோட்டச்சைக்கிள் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போனது. அவவுக்கு நான் என்னத்தைச் சொல்ல எண்டு அண்ணையிட்டயே கேட்டன். அவர் ஊசியை வலைக்குள்ள விட்டு எடுத்தார்.

"தேடுறான் எண்டு சொல்லிவிடும். இவனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

வால் காயேல்லை

சொன்னன். காதைத் தூக்கினவன் அக்கா எண்டு சொன்னன். அது பொய் இல்லைத்தானே. அண்டைக்கு ரெஜினா அக்கா பதினாலு நிமிசம் கதைச்சா.

படம் ஆறு நாளில முடிஞ்சுது. சரியாச் சொன்னா, ரெண்டு புள்ளி மிச்சம். கண்ணுக்குள்ள வெளிச்சம் விழுற இடத்தில ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைக்கவேணும். அதை நான் கடைசியாத்தான் வைப்பன். அது வைக்கும் மட்டும் பலகையில வெறும் பெயின்ற்தான் இருக்கும், வைச்ச உடன நாய் எங்களைப் பாக்கும். ரெண்டு புள்ளிக்கு ஒரு நிமிசமும் போகாது. நான் பிரஷ்ஷை எடுத்தன். வைச்சா நாளைக்கு ஆறு மணிக்கு ஆர் கதைப்பினம் எண்டு யோசிச்சன். பிரஷ்ஷைக் கழுவி வைச்சிட்டன்.

அதில இருந்து தொடங்கினது. முதல் கிழமை காது மட்டும் படம் எடுத்து அனுப்பினன். அடுத்த கிழமை ஒரு கால். பிறகு வால். "வால் இன்னும் காயேல்லை அக்கா" எண்டன். பிறகு சோளகக் காத்து, ஒரே புழுதி, வெளியில வைக்கேலாது எண்டன். பிறகு மழை, ஈரம் எண்டன். பிறகு கொழும்பால ஒரு மண்ணிறம் வரவேணும் எண்டன். நான் பாவிக்கிற பெயின்ற் அரை மணித்தியாலத்தில காஞ்சிடும், அது எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் தெரியும். அவ ஒருக்காலும் அவசரப்படுத்தேல்லை. "பாத்துச் செய்யுங்கோ" எண்டிட்டு வேற கதைக்குப் போயிடுவா. ஆறு நாள் வேலை நாலு மாசத்துக்கு இழுபட்டுது. கட்டிலில படுத்தா கண்ணில வெளிச்சம் இல்லாத ஜிம்மி சுவரில சாஞ்சுகொண்டு நிக்கும். மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பன்.

கடை முதலாளிக்கு மட்டும் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிப்போட்டன். அவர் மெசினுக்குப் பேப்பர் வைச்சுக்கொண்டு நிண்டவர், திரும்பியும் பாக்கேல்லை.

"எடேய், உந்த வால் காயுறதுக்குள்ள பெரிய கோயிலில கொடி ஏறி இறங்கி அடுத்த கொடியும் ஏறிப்போடும். அந்த மனிசி பாவமடா."

முகம் இல்லாத பூனை

பாவம் எண்டது எனக்கும் தெரியும். ஆனா அதை நல்லாக் குத்தினது எருக்கலம்பிட்டி முஸ்லிம் ராத்தா ஒருத்தர். மகளைப் புத்தளத்தில கட்டிக் குடுத்திருக்கினம். மகள் வளர்த்த பூனை இஞ்ச நிண்டிட்டுது. அதைக் கீறி மகளுக்கு அனுப்பவேணும். ஆனா மாப்பிள்ளை வீட்டில கண் மூக்கு வைச்ச உருவப்படம் மாட்டமாட்டினம், தொழுகிற வீடு. "முகம் மட்டும் வேணாம் தம்பி, மத்தது எல்லாம் போடுங்க" எண்டா. எனக்குத் தலை சுத்திச்சுது. முகம் இல்லாமல் எந்தப் பூனை எண்டு எப்பிடித் தெரியும்? போய்ப் பாத்தன். பூனை யன்னல்ல ஏறி இருந்து வெளிய பாத்துக்கொண்டு இருந்தது, திரும்பவே இல்லை. அப்பிடியே முதுகுப் பக்கத்தைக் கீறினன். கடிபட்ட இடது காது, நுனியில மடங்கின வால், முன்னால யன்னல் வெளிச்சம். கண்ணே இல்லை, அதால புள்ளி வைக்கிற வேலையும் இல்லை. உண்மையாச் சொல்லுறன், நான் கீறினதிலயே அதுதான் திறம்.

பழைய பழக்கத்தில, "ஒரு கிழமை இருக்கட்டும் ராத்தா, காயட்டும்" எண்டு சொல்லிப் பாத்தன். அவ விடேல்லை. புத்தளம் பஸ் பத்து மணிக்கு, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் போறார், மகள் நேற்றே மூண்டு தரம் எடுத்திட்டாள் எண்டா. படத்தைக் கையில வாங்கினவ கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டா. நான் பிழையோ எண்டு கேட்டன்.

"இல்ல தம்பி, சரியா இருக்கு. புள்ள போன நாள்ல இருந்து இது எங்களுக்கு முதுகத்தான் காட்டிட்டு இருக்கு."

ரெண்டு புள்ளி

அண்டைக்கு அறைக்கு வந்து கதவைச் சாத்தமுன்னமே பிரஷ்ஷை எடுத்தன். ஒரு மனிசி அங்க அஞ்சு வருசமாக் காத்துக்கொண்டு நிக்குது, நான் ரெண்டு புள்ளியைக் களவெடுத்து வைச்சிருக்கிறன். வைச்சன். இடது கண், வலது கண். ஜிம்மி என்னைப் பாத்தான். பேசாலையில வலைக்கு மேல படுத்திருந்த கொழுத்த நாய் பாத்த அதே பார்வை, நீ ஆர் எண்ட பார்வை. நல்ல வெளிச்சத்தில வைச்சு முழுப் படத்தையும் எடுத்து அனுப்பினன். "முடிஞ்சுது அக்கா. பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பாத்திட்டா எண்டு போன் காட்டிச்சுது. மறுமொழி இல்லை. அடுத்த நாள் ஆறு மணிக்குத் தேத்தண்ணி போட்டன், வொய்ஸ் இல்லை. மற்ற நாளும் இல்லை. மூண்டாம் நாள் பழைய வொய்ஸ் ஒண்டைப் போட்டுக் கேட்டன், கும்பிளாத் தலைக் கதையை. பாதியில நிப்பாட்டினன். சரி, இவ்வளவுதான், இதைத்தானே நாலு மாசமாத் தள்ளிப்போட்டனான், வந்திட்டுது. படத்தைப் பேப்பரில சுத்தினன். தபாலில போடுறதுக்கு விலாசம் எழுதினன். அண்ணா எடுத்தான், "சாப்பிட்டியோ" எண்டான், "ஓம்" எண்டன். சாப்பிடேல்லை.

நாலாம் நாள் ஆறு பத்துக்கு வந்தது. இந்த முறை கோப்பைச் சத்தம் இல்லை, அவ எங்கயோ இருந்துகொண்டு கதைக்கிறா. ஜிம்மி கிழவனாயிட்டான் எண்டா, மூக்கடியில நரைச்சுப் போச்சு எண்டா. மூண்டு நாளாப் படத்தைப் பாத்துப் பாத்து வைச்சனான், என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை எண்டா. நான் போனைக் காதோட ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், தேத்தண்ணி ஆறிப்போச்சு. பிறகு சொன்னா:

"தம்பி, அந்தப் பெயின்ற் அரை மணித்தியாலத்தில காயும் எண்டு என்ரை மகன் அப்பவே சொல்லிப்போட்டான். அவனும் பள்ளிக்கூடத்தில அதாலதான் கீறுறவன். வாயைப் பொத்திக்கொண்டு இரு எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னனான். ஜிம்மிக்கு முன்னம் எங்களிட்ட ஒரு சேவல் நிண்டது. போட்டோ ஒண்டும் இல்லை, நான் சொல்லச் சொல்லத்தான் நீங்கள் கீறவேணும். அவசரம் இல்லை, ஆறுதலாச் செய்யுங்கோ."

இப்ப அந்தச் சேவலின்ரை கழுத்தைக் கீறுறதில நிக்கிறன், அக்காவின்ரை ஞாபகத்தில அந்தக் கழுத்து ஒவ்வொரு விடியவும் வேற வேற நிறமா வாறதால, பெயின்ற் காஞ்சாலும் பரவாயில்லை, ஓடர் காயாது எண்ட நிம்மதியில இருக்கிறன்.